பழைய பொருள் கடைக்கு ஊர் மன்றம் எவ்வளவு தூரம் தடை போடலாம்?

அமெரிக்கச் சிற்றூர்களில் நன்கொடைப் பொருள்களை விற்கும் த்ரிஃப்ட் கடைகளுக்கு நகர மன்றங்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் குறித்து வந்த கேள்விகளுக்கு, நிலப் பயன்பாட்டு விதிகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால், உங்கள் ஊர் விதித் தொகுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரின் பிரதான கடைத்தெருவில் இனிப் புதிய த்ரிஃப்ட் கடை எதுவும் திறக்கக் கூடாது என்று மன்றம் விதி கொண்டுவரப் பார்க்கிறது. ஒரு வகைக் கடையை மட்டும் பிரித்தெடுத்துத் தடுக்க அதற்கு அதிகாரம் உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு என்பதுதான் கசப்பான பதில். ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊரை மண்டலங்களாகப் பிரித்து எந்த இடத்தில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை, விதிக்குப் பொதுநலனோடு நியாயமான தொடர்பு ஏதேனும் இருந்தால் போதும், நீதிமன்றம் பொதுவாகத் தலையிடுவதில்லை. வாகன நெரிசல், நிறுத்துமிடம், ஒரே வகைக் கடைகள் ஒரே தெருவில் குவிவது என்று மன்றம் எதையாவது சொல்லிவிட முடியும். இரண்டு கடைகளுக்கு இடையே இத்தனை அடி தூரம் வேண்டும் என்ற விதியும் அப்படிப் பிறப்பதுதான்.

ஆனால் அந்தத் தாராளத்துக்கும் எல்லை இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் கிளிபர்ன் நகரம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்துக்கு மட்டும் சிறப்பு அனுமதி வேண்டும் என்றது. அதே இடத்தில் அதே அளவு ஆட்கள் தங்கக்கூடிய வேறு கட்டடங்களுக்கு அது தேவைப்படவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம், அந்த நிபந்தனைக்கு அடியில் இருப்பது பகுத்தறிவற்ற வெறுப்பே என்று கூறி, அந்த இல்லத்தின் மீது அதைச் சுமத்தியது செல்லாது என்றது. ஆகவே மன்றக் கூட்டத்தின் குறிப்பேட்டையும் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்குங்கள். “அந்த மாதிரி ஆட்கள் நம் கடைத்தெருவுக்கு வருவார்கள்” என்று ஒரு உறுப்பினர் பேசியது அதில் பதிவாகியிருந்தால், நிறுத்துமிடம் பற்றிய பத்துப் பக்க அறிக்கையைவிட அந்த ஒரு வரி உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: புதிய துணி விற்கும் கடைக்கு உடனே அனுமதி கிடைக்கிறது, பழைய துணி என்றால் திட்டக் குழுவின் விசாரணை நடக்கிறது. இரண்டும் சில்லறை விற்பனைதானே?

பதில்: விதித் தொகுப்பின் வரையறைப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ‘சில்லறைக் கடை’ என்ற சொல்லுக்குள் பயன்படுத்திய பொருள்கள் விலக்கப்படவில்லை என்றால், உங்கள் கடையும் சில்லறைக் கடையே என்று எழுத்தில் வாதிடலாம். ‘பழைய பொருள் விற்பனை’ என்று தனி வகை இருந்தால், அதிலிருந்து யார் விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழங்கலைப் பொருள் கடையும் பழைய புத்தகக் கடையும் விலக்குப் பெற்று, நன்கொடைத் துணி விற்கும் கடை மட்டும் மாட்டிக்கொள்ளும் வரையறைகள் உண்டு. பழமைக்கும் பழசுக்கும் உள்ள வேறுபாடு விலைச்சீட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மன்றத்திடம் அதைக் கொஞ்சம் மரியாதையான சொற்களில் கேட்கலாம்.

கேள்வி: விதி எழுதி முடிக்கும்வரை விண்ணப்பமே வாங்க மாட்டோம் என்கிறார்கள். இப்படி எத்தனை நாள் இழுத்தடிக்க முடியும்?

பதில்: அது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் இத்தகைய அவசர இடைக்காலத் தடைக்கு மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். முதலில் 45 நாள், பிறகு நீட்டிப்புகள் சேர்த்து மொத்தம் இரண்டு ஆண்டு என்று உச்சவரம்பும் உண்டு. அரசமைப்பின்படி பார்த்தால், தாஹோ ஏரிப் பகுதியில் 32 மாதம் நீடித்த கட்டுமானத் தடையைக்கூட, அதனாலேயே சொத்தைப் பறித்ததாகக் கொள்ள முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே நடக்கும் கடையை மூடச் சொல்வார்களா?

பதில்: சட்டப்படி தொடங்கிய கடை, புதிய விதிக்கு ஒவ்வாத பழைய பயன்பாடாகப் பொதுவாகத் தொடரலாம். ஆனால் விரிவாக்கம் செய்வதும், விதி சொல்லும் காலத்துக்கு மேல் கடையைப் பூட்டி வைப்பதும் அந்த உரிமையைக் கெடுத்துவிடும். பல ஊர்களில் அந்தக் காலம் ஆறு மாதமோ ஓர் ஆண்டோதான். கூரை பழுதுபார்க்கப் பூட்டினாலும் தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: நான் கடைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவன். எல்லாரும் கடைக்காரர்களுக்கே வழி சொல்கிறீர்களே, எங்கள் அவஸ்தைக்கு என்ன பதில் ஐயா?

பதில்: உங்கள் குறை நியாயமானது. சொல்லப்போனால், இந்தத் தகராறுகள் அனைத்திலும் ஒழுங்குவிதிக்கு மெய்யாகவே தகுதியுள்ள விஷயம் நீங்கள் சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு யாரோ பின்வாசலில் மெத்தையை இறக்கிவிட்டுப் போவார். அதைப் பார்த்து இன்னொருவர் இரண்டு மூட்டை துணியைச் சாய்த்து வைப்பார். நள்ளிரவில் யாராவது மூட்டையைக் கிழித்துத் தேடுவார். விடியற்காலையில் மழை பெய்யும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கும் தொண்டர், விற்கவே முடியாத ஈரக்குப்பையைக் காசு கொடுத்து அகற்றியாக வேண்டும். அண்டைவீட்டுக்காரருக்கு எவ்வளவு தொல்லையோ, கடைக்கும் அவ்வளவு நஷ்டம்.

இதற்குக் கடையையே தடுக்க வேண்டியதில்லை. நிபந்தனையுடன் கூடிய அனுமதி என்ற வழி இருக்கிறது. நன்கொடையை ஊழியர் இருக்கும் நேரத்தில் மட்டுமே வாங்குவது, தரம் பிரிப்பதைக் கட்டடத்துக்குள்ளேயே செய்வது, வெளியே எதையும் அடுக்கி வைக்காமல் இருப்பது, இரவில் பின்வாசலில் வெளிச்சமும் கேமராவும் வைப்பது, போட்டுச் சென்றதைக் கடை திறந்த சில மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்துவது ஆகியவற்றை அனுமதியிலேயே எழுதிவிடலாம். மீறினால் அனுமதியை மறுபரிசீலனை செய்யலாம் என்பதால், இவை வெறும் அறிவுரையாக நின்றுவிடாது. திட்டக் குழு விசாரணைக்குத் தேதியிட்ட புகைப்படங்களோடு போங்கள். கடையை மூடுங்கள் என்று கேட்பதைவிட, இந்த ஐந்து நிபந்தனைகளைக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கடை இல்லாமல், தெருவோரம் நன்கொடைப் பெட்டி மட்டும் வைக்கிறார்கள். அதை முழுவதுமாகத் தடை செய்யலாமா?

பதில்: இங்கே மன்றம் நிதானமாக நடக்க வேண்டும். நன்கொடை கேட்பது பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வருவதால், கடைக்குப் பொருந்தும் தளர்வான அளவுகோல் பெட்டிக்கு அப்படியே பொருந்தாது. மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறு நகரம், ஆளில்லா நன்கொடைப் பெட்டிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தபோது, ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அத்தடையை அமல்படுத்துவதை நிறுத்திவைத்த உத்தரவை உறுதிசெய்தது. குப்பைத்தொட்டியும் மறுசுழற்சிப் பெட்டியும் நிற்கலாம், அறப்பணிக்கு என்று எழுதிய பெட்டி மட்டும் நிற்கக் கூடாதா என்பதே அங்கு எழுந்த சிக்கல். மாறாக, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் இத்தகைய பெட்டிகளுக்கு உரிமம் பெற வேண்டும் என்று விதித்ததை நிறுத்திவைக்க ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் மறுத்துவிட்டது. முற்றாகத் தடுப்பதைக் காட்டிலும், பெட்டியில் உரிமையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும், வாரத்துக்கு இத்தனை முறை காலி செய்யட்டும் என்று எழுதுவதே நிலைக்கும் விதி.

கேள்வி: இந்தக் கடைகள் வரி கட்டுவதில்லை, அதனால் ஊருக்கு நஷ்டம் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. பெரும்பாலும் நன்கொடையாக வந்த பொருளை விற்கும் அறநிறுவனக் கடையின் வருமானத்துக்குக் கூட்டரசு வருமான வரிச் சட்டத்தின் 513-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அது ஊர் மன்றத்தின் பெட்டிக்கு வர வேண்டிய பணமே அல்ல. கட்டடத்தை அறநிறுவனம் சொந்தமாக வாங்கினால் சொத்து வரி குறையக்கூடும். வாடகைக்கு எடுத்திருந்தால், கட்டட உரிமையாளர் பொதுவாக வழக்கம்போல் வரி கட்டிக்கொண்டுதான் இருப்பார். பூட்டிக் கிடந்த கடையில் வாடகைக்கு ஆள் வந்திருக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லாப நோக்கில் நடத்தப்படும் கடைகளுக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது.

கேள்வி: எங்கள் தேவாலயம் நடத்தும் கடைக்கு மத உரிமைச் சட்டம் துணை வருமா?

பதில்: 2000-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மத அமைப்புகளின் நிலப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. என்றாலும் தேவாலயம் நடத்துகிறது என்பதற்காகவே விற்பனை மதச் செயலாகிவிடாது. அதை ஒன்றையே நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: பொது விசாரணையில் பேச மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். என்ன பேசுவது?

பதில்: ஏழைகளுக்கு உதவுகிறோம் என்ற உரையை முதல் இருபது நொடியில் முடித்துவிடுங்கள், அதை அவர்கள் பலமுறை கேட்டாகிவிட்டது. மீதி நேரத்தில் சரக்கு இறக்கும் இடத்தின் வரைபடம், நன்கொடை வாங்கும் நேரம், குப்பை அகற்றும் ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் காட்டுங்கள். பேசுவதையெல்லாம் எழுத்திலும் எழுத்தரிடம் முன்கூட்டியே கொடுத்துப் பதிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணைப் பதிவில் ஏறாத ஆவணத்தைப் பின்னால் மேல்முறையீட்டில் காட்டுவது மிகக் கடினம்.