கோர்ட் டியூட்டியில் கண் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: நான் ஒரு காவலர். மூன்று மாதமாக நீதிமன்ற அறைக்குள் பாதுகாப்புப் பணி. ‘சும்மா நிற்கிற வேலை’ என்று சக காவலர்கள் கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்வதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். இறந்தவரின் அண்ணன் எழுந்து குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததை நான் பார்க்கவில்லை. எழுத்தர் இருமியதும்தான் திரும்பினேன். அசம்பாவிதம் எதுவும் இல்லை, ஆனால் தூக்கம் போய்விட்டது. மாற்றல் கேட்டுவிடலாமா?

பதில்: இதற்காக மாற்றல் கேட்க வேண்டாம். மேலதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாய்வழியாக அவருக்குப் போவதைவிட அது நல்லது.

நானும் இந்த வேலையில் பல வருடம் நின்றவன்தான். ஆரம்பத்தில் குறுக்கு விசாரணை என்றால் எனக்குக் கதை கேட்கிற மாதிரி. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், எனக்கு இரண்டடி முன்னால் இருந்த கைதி மேஜையில் கிடந்த பேனாவை எடுத்துச் சட்டைக் கை மடிப்புக்குள் செருகிவிட்டான். பார்த்தது நான் இல்லை, சீனியர் ஒருவர். “முகத்தைப் பார்த்தா கதைக்குள்ள போயிடுவே, கையைப் பாரு” என்றார். அன்றிலிருந்து கைதான். மடியில் விரித்து வைத்த கை, துண்டுக்குள் போன கை, முன் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்த கை. கடைசியாகச் சொன்னது, எழுந்திருக்கப் போகிற ஆளின் கை. அந்த அண்ணனும் எழுவதற்கு முன்னால் எதையாவது பிடித்திருப்பார்.

நிற்கிற இடத்தையும் மாற்றிப் பாருங்கள். முதுகு சுவர்ப் பக்கம், கூண்டும் பார்வையாளர்களின் முதல் வரிசையும் ஒரே பார்வையில் விழ வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தால் அது கைதியின் பக்கம் இருக்கவே கூடாது.

சும்மா நிற்கிற வேலை என்கிறார்களே, அதற்கு வருகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நீதிமன்றத்தில் 2009 ஜூலை 1 அன்று, குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன கர்ப்பிணியை அறைக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொன்றான். காப்பாற்றப் பாய்ந்த கணவருக்கும் குத்து. அறையில் காவலர் யாரும் இல்லை. வெளியிலிருந்து ஓடி வந்த ஒரு காவலர், கணவரைத்தான் கொலைகாரன் என்று நினைத்து அவர் காலில் சுட்டுவிட்டார். உள்ளே நுழைந்த நொடியில் யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து அங்கே நிற்கிற ஆளுக்குத் தெரியும். கிண்டல் செய்பவர்களிடம் இதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

இன்னொன்று. குற்ற உணர்ச்சியில் அந்த அண்ணனிடம் போய், ‘கவலைப்படாதீங்க, இவனுக்குத் தண்டனை நிச்சயம்’ என்கிற மாதிரி எதுவும் பேசிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நீதிமன்றக் காவலர் ஒருவர், இவன் குற்றவாளிதான் என்று ஜூரிகளிடம், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்கார்ந்திருக்கும் பொதுமக்களிடம், சொல்லிவிட்டார். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையையே ரத்து செய்தது. ஜூரி இல்லாத இடத்திலும் உங்கள் சீருடைக்குக் கருத்து இருப்பதாக யாரும் நினைக்கக் கூடாது.

அடுத்த வாய்தாவுக்கும் அந்த அண்ணன் வருவார். வாசலிலேயே வணக்கம் சொல்லி, கூண்டுக்கு எதிர்ப்பக்கம், நடைபாதையை ஒட்டாத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் உட்காருவார்கள். நீதிபதி எழுந்து உள்ளே போன பிறகுதான் இன்னும் கவனம் வேண்டும். எல்லோரும் ஒரே கதவை நோக்கி நகர்வார்கள். ஒரு குடும்பம் படி இறங்கிய பிறகு அடுத்த குடும்பத்தை விடுங்கள்.

அப்புறம், இருமிய எழுத்தருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் அவர். இனி ஏதாவது கண்ணில் பட்டால் மேஜையை இரண்டு தட்டு தட்டச் சொல்லி வையுங்கள்.