இன்றே கடைசி

கேள்வி: ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் கடைசி சீசனை ஒரு தளம் மொத்தமாக ‘சீசன் 4’ என்கிறது. இன்னொரு தளம் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் எப்படி அடுக்கி வைப்பது?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: கடைசியா? அந்தக் காலத்துப் போஸ்டர்களில் குறுக்கே ‘இன்றே கடைசி’ என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை ஒட்டியது வியாழக்கிழமையும் இருக்கும். கூட்டம் குறையவில்லையென்றால் ‘ரசிகர்களின் விருப்பத்திற்கிணங்க’ என்று அதன்மேல் இன்னொரு தாள். ஜப்பானில் அதையே மூன்று வருஷம் ஒட்டினார்கள். 2020 டிசம்பரில் என்.எச்.கே. தொலைக்காட்சியில் ‘தி ஃபைனல் சீசன்’ தொடங்கி, 16 எபிசோட் ஓடி நின்றது. கதை முடிந்தபாடில்லை. 2022 ஜனவரியில் ‘ஃபைனல் சீசன் பார்ட் 2’, 12 எபிசோட். அப்போதும் கதாநாயகன் எரென் யேகர் நடந்துகொண்டேதான் இருந்தான். 2023 மார்ச்சில் ‘ஃபைனல் சீசன், ஃபைனல் சாப்டர்ஸ்’ என்று ஒரு மணிநேர ஸ்பெஷல். அந்த ‘ஃபைனல் சாப்டர்’ஸுக்கும் ஒரு இரண்டாம் பாகம் நவம்பரில் வந்த பிறகுதான் ஊர் உறங்கியது.

பிரித்து வெளியிடுவதை நான் குறை சொல்லவில்லை. அங்கே மூன்று மாதம் ஒரு ‘கூர்’, அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று எபிசோட். ஒரு கூர் ஓட்டி, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பிறகு தருவது படம் வரைகிற பிள்ளைகளின் தூக்கத்துக்கு நல்லது. ‘ஸ்பை ஃபேமிலி’ என்ற இன்னொரு தொடரின் முதல் சீசன் 2022 ஏப்ரலில் 12, அக்டோபரில் 13 என்று வந்தது. இரண்டாம் பாதி 13ஆம் எண்ணில் தொடங்கியது. யாருக்கும் குடி முழுகவில்லை. என் புகார் பெயர் வைக்கிற விளம்பர இலாகாவின் மேல்தான்.

அடுக்குகிறவர்களும் சளைத்தவர்களில்லை. அனிமே தொடர்களைப் பட்டியலிடும் மைஅனிமேலிஸ்ட் தளம் ஒவ்வொரு வெளியீட்டையும் தனிப் பதிவாக்கும். எப்போது எது வந்தது என்று பார்க்க வசதி. சீசன் கணக்கில் போகிறவர்கள் 2022 ஜனவரியில் வந்ததை ‘எஸ்04இ17’, அதாவது நான்காம் சீசனின் 17ஆம் எபிசோட் என்பார்கள். வீடியோக்களை அடுக்கிக் காட்டும் ப்ளெக்ஸ் மாதிரி மென்பொருள்களிலோ ஸ்பெஷல் என்றால் ‘சீசன் 00’ ஃபோல்டர். அந்த வழக்கத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் கதையின் முடிவு முதல் எபிசோடுக்கு முன்னால் போய் உட்காரும். உங்கள் தம்பி விஷயம் தெரியாமல் மேலிருந்து பார்க்க ஆரம்பித்தால் பத்து வருஷத்துச் சஸ்பென்ஸ் ஒரே ராத்திரியில் காலி.

சீசனை விட்டுவிடுங்கள், எபிசோட் எண்ணைப் பிடியுங்கள். 2013இல் வந்தது 1 முதல் 25. இரண்டாம் சீசன் 37 வரை. மூன்றாவதும் 2018, 2019 என்று இரண்டு துண்டாக வந்ததுதான். அது 59இல் முடிகிறது. பிறகு ‘ஃபைனல் சீசன்’ 75 வரை, அதன் பார்ட் 2 87 வரை. இரண்டு ஸ்பெஷலையும் பின்னர் ஏழு எபிசோடாக வெட்டினார்கள், ஆக 94. ஒரே ஃபோல்டர், 01 முதல் 94. படம் தயாரித்த விட் ஸ்டுடியோ போய் மாப்பா ஸ்டுடியோ வந்தது 60இல் என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற பிரிவு.

இதையே நம் பத்திரிகை இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்கிற அன்பர்களுக்கும் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். தீபாவளி மலருக்கு இதழ் எண் கிடையாது. அதை அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவே செருகி ‘பத்தரை’ என்று முதுகில் பொன்னெழுத்தில் போட்டவர் ஒருவர் இருக்கிறார். ‘நூலக முறைப்படி அதுவே சரி’ என்று எட்டுப் பக்கக் கடிதம் வேறு. ஐயா, சந்தாவைப் புதுப்பித்துவிட்டு வாதாடுங்கள்.