பெருக்கல் விருத்தி: சூத்திரம் தெரியும், கணக்கு வரவில்லை. என்ன செய்யலாம்?

இலங்கையின் சா/த (க.பொ.த. சாதாரண தர) கணிதத்தில் பெருக்கல் விருத்திச் (ஒவ்வோர் உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்த உறுப்பைப் பெறும் வரிசை) சூத்திரங்கள் மனப்பாடம், ஆனால் இரண்டு உறுப்புகளைத் தந்துவிட்டு மற்றதைக் கேட்டால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பலரும் நிற்பது இந்த இடத்தில்தான்.

தொடங்க வேண்டியது வகுத்தலில். 3ஆம் உறுப்பு 12, 6ஆம் உறுப்பு 96 என்று வைத்துக்கொள்வோம். 96ஐ 12ஆல் வகுத்தால் 8. மூன்றிலிருந்து ஆறுக்குப் போக மூன்று தரம் பெருக்கியிருக்கிறோம், ஆகவே பொது விகிதத்தின் (பெருக்கும் அந்த ஒரே எண்ணின்) மூன்றாம் வலு (மூன்றாம் அடுக்கு) 8, விகிதம் 2. 3ஆம் உறுப்பிலிருந்து இரண்டு தரம் பின்னோக்கிப் போனால் முதலாம் உறுப்பு 12 ÷ 2² = 12 ÷ 4 = 3. இரண்டு சமன்பாடு எழுதிப் பிரதியிட்டுக் கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்ததுதான் புள்ளி பறிபோகும் இடம். 3ஆம் உறுப்பு 12, 5ஆம் உறுப்பு 48 என்று தந்தால் விகிதத்தின் வர்க்கம் 4. விகிதம் 2 ஆகலாம், −2 உம் ஆகலாம். 3, −6, 12, −24, 48 என்று எழுதிப் பாருங்கள், சரியாக வரும். உறுப்புகளுக்கு இடையிலான தூரம் இரட்டை எண்ணாக இருந்தால் மறை விடையையும் எழுதுங்கள். எல்லா உறுப்புகளும் நேர் என்று வினாவில் இருந்தால் மட்டும் அதை விடலாம்.

சரி, 3, 6, 12... என்ற விருத்தியில் 384 எத்தனையாம் உறுப்பு? இங்கே n ஆம் உறுப்பு 3 × 2ⁿ⁻¹. இதில் 3ஐயும் 2ஐயும் பெருக்கி 6இன் வலு என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். வலு 2க்கு மட்டும்தான். முதலில் 3ஆல் வகுங்கள்: 128, அதாவது 2⁷. முதலாம் உறுப்பிலிருந்து ஏழு தரம் பெருக்கியிருக்கிறோம், ஆகவே 8ஆம் உறுப்பு. 7 என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடிவிடாதீர்கள்.

முதல் எட்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையைச் சூத்திரத்தில் போட்டால் 765 வரும். விகிதம் 2 என்றால் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: அடுத்த உறுப்பு 768, அதிலிருந்து முதலாம் உறுப்பு 3ஐக் கழித்தால் அதே 765. எனக்கு மிகவும் பிடித்த சரிபார்ப்பு இது, அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், கல்குலேட்டர் இல்லாமல் செய்வதால் 2இன் வலுக்களை 1024 வரையும் 3இன் வலுக்களை 729 வரையும் 5இன் வலுக்களை 625 வரையும் மனதில் வைத்திருங்கள். 243ஐக் கண்டதும் 3⁵ என்று தோன்ற வேண்டும்.