செத்த கணக்கில் சிக்கி நிற்கும் அவுட்லுக்

வாசகர் கேள்வி: என் பழைய இணைய நிறுவனம் மின்னஞ்சல் சேவையையே மூடிவிட்டது. அந்த முகவரியும் ஜிமெயிலும் அவுட்லுக் என்ற ஒரே மின்னஞ்சல் மென்பொருளில் இருக்கின்றன. இப்போது திறந்தாலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று திரை வெளுத்துப்போய் நின்றுவிடுகிறது. பழைய கணக்கை நீக்கப் போவதற்குள் மறுபடியும் உறைகிறது. அவுட்லுக்கையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா? பத்து வருடக் கடிதங்கள் அதில் இருக்கின்றன.

பதில்: நிறுவ வேண்டாம். கணக்கு விவரங்கள் விண்டோஸுக்குள் 'புரொஃபைல்' என்ற பெயரில் தனியாக இருப்பவை. அவுட்லுக்கை அழித்தாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும்; மறுபடி நிறுவினால் பழைய தொல்லையும் கூடவே வரும்.

ஏன் உறைகிறது? தொலைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று குரல் வந்தால் உடனே வைத்துவிடுவீர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தால் காத்திருப்பீர்கள். சர்வரின் (கடிதங்களை வைத்திருந்து அனுப்பும் நிறுவனத்தின் கணினி) பெயர் அடியோடு நீக்கப்பட்டிருந்தால் அவுட்லுக் சட்டென்று பிழைச்செய்தி காட்டிவிடும். பெயர் இருந்து, பதில் மட்டும் வராவிட்டால் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை அமைப்புகளில் பத்து நிமிடம் வரை நீட்டலாம். யாராவது எப்போதோ நீட்டி வைத்திருக்கவும் கூடும்.

ஆகவே முதலில் வைஃபையை அணைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறங்கள். பெரும்பாலும் சாதுவாகத் திறக்கும். அப்போதும் உறைந்தால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அதன் ஐகானைச் சொடுக்கி, 'சேஃப் மோட்' கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். அதில் சரியாகத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் பழைய கணக்கு அல்ல, ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணை நிரல்.

திறந்ததும் 'சென்ட் / ரிசீவ்' பட்டியில் 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதைப் போட்டுவிடுங்கள். அவுட்பாக்ஸில் பழைய முகவரியிலிருந்து போகாமல் கிடக்கும் கடிதம் இருந்தால் டிராஃப்ட்ஸுக்கு இழுத்துவிடுங்கள்.

இனி அவசரப்படவே கூடாத இடம். கணக்குப் பட்டியலில் பழைய முகவரிக்கு எதிரே பாப் (POP) என்று இருக்கிறதா, ஐமேப் (IMAP) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை கடிதங்களை வரவழைக்கும் இரண்டு முறைகள். பாப் என்றால் கடிதங்கள் பிஎஸ்டி (.pst) கோப்பில் உங்கள் கணினியிலேயே இருக்கும். கணக்கை நீக்கினாலும் கோப்பு போகாது. ஐமேப் என்றால், 2013 பதிப்பு முதலான அவுட்லுக்கில் அவை ஓஎஸ்டி (.ost) கோப்பில் இருக்கும். அது சர்வரில் உள்ளதன் நகல் என்றே அவுட்லுக் கருதுவதால், கணக்கை நீக்கும்போது நகலும் போய்விடும். உங்கள் விஷயத்தில் சர்வரே இல்லை. அந்த நகல்தான் மூலம்.

ஐமேப் என்றால், 'ஃபைல்', 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' வழியாகப் போய், துணைக் கோப்புறைகளையும் சேர்த்துப் பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அதற்கு முன் இணையம் இல்லாமலே நாலைந்து பழைய கடிதங்களையும் இணைப்புகளையும் திறந்து பாருங்கள். தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளே வெறுமையாக இருந்தால், அந்தக் கடிதம் உங்கள் கணினிக்கு முழுதாக வந்ததே இல்லை. கோப்பை அவுட்லுக்கை மூடிவிட்டு ஒரு பென்டிரைவிலும் போட்டுவையுங்கள்.

பிறகு நீக்கலாம், அவுட்லுக்கைத் திறக்காமலே. கண்ட்ரோல் பேனலில் சிறிய ஐகான்களாகக் காட்டச் சொன்னால் 'மெயில்' தெரியும். அதில் 'ஈமெயில் அக்கவுண்ட்ஸ்'. நீக்க மறுத்தால், புதுக் கடிதங்கள் சேரும் இயல்புக் கோப்பாகப் பழைய கணக்கின் கோப்பே இருக்கக்கூடும். 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதியில் வேறொன்றை இயல்பாக்கிவிட்டு நீக்குங்கள். வைஃபையைப் போட்டு, 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதை எடுத்துவிட்டால் ஜிமெயில் வந்து சேரும். ஏற்றுமதி செய்த பிஎஸ்டியை 'ஓப்பன்' வழியாகத் திறந்தால் பழைய கடிதங்கள் இடப்பக்கம் தனிக் கோப்புறையாக நிற்கும்.

வங்கியிலும் வருமான வரித் தளத்திலும் அந்தச் செத்த முகவரியைக் கொடுத்திருந்தால், இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அங்கிருந்து வரும் கடிதங்கள் உங்களை எட்டாது.