எக்ஸிட் போட்டும் செஷன் மூடவில்லையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். சாயங்காலம் லினக்ஸ் சர்வரில் நுழைந்து, எடைமேடைப் பதிவுகளைப் பென் டிரைவில் நகல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுகிறேன். கடைசி வரி எக்ஸிட். ஆனாலும் செஷன் திறந்தே கிடக்கிறது. நான் கிளம்பிய பிறகு யாராவது எதையாவது தட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதியது தப்பில்லை. ஸ்கிரிப்டை ஓட்டும்போது, உங்கள் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தனக்குக் கீழே இன்னொரு ஷெல்லைத் திறந்து அதில்தான் ஓட்டுகிறது. எக்ஸிட் முடிப்பது அந்தக் கீழ் ஷெல்லை மட்டும். வயல் மடையை அடைத்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுமே, அப்படித்தான். பயிற்சி மையங்களில் மாதக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித் தருவதில்லை. எரிச்சலாக வருகிறது.

ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி போட்டு ஓட்டுங்கள். பாஷ் ஷெல்லில் புள்ளிக்குப் பதில் சோர்ஸ் என்று அடித்தாலும் சரி. ஸ்கிரிப்ட் உங்கள் ஷெல்லுக்குள்ளேயே ஓடும்; எக்ஸிட் வந்ததும் செஷனும் முடியும்.

ஆனால் ஒன்று. பென் டிரைவ் நிறைந்து நகல் பாதியில் நின்றாலும் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய் எக்ஸிட்டைத் தொடும். பிழைச் செய்தியைப் படிப்பதற்குள் திரை போய்விடும். நகல் ஆனது என்று நம்பி வீட்டுக்குப் போவீர்கள்; கொள்முதல் நேரத்தில் ஒரு நாள் கணக்குப் போனால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். அதனால் எக்ஸிட்டைத் தனி வரியில் வைக்காதீர்கள். நகல் கட்டளைக்குப் பின்னால் அதே வரியில் && போட்டு எக்ஸிட் எழுதுங்கள். நகல் முடிந்தால்தான் மூடும்; தோற்றால் செய்தி கண்முன் நிற்கும்.

அப்புறம், சர்வீஸ் ஆட்களிடம் ஜாக்கிரதை. கும்பகோணத்தில் ஒரு உரக்கடையில் இதே கோளாறுக்கு ஒருவர் வருட ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கியிருந்தார். செய்தது என்ன? ஸ்கிரிப்டில் கில் -9 என்று ஒரு வரி. அது ஷெல்லை அந்த இடத்திலேயே வெட்டிப்போடும். அன்று அடித்த கட்டளைகளின் வரலாறு கூடப் பதிவாகாது. போகும்போது ரூட் (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிப் போனார். உங்கள் செஷனை நீங்கள் மூட ரூட் எதற்கு? யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

முதலில் எக்ஸிட் மட்டும் உள்ள ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் புள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள். தொடர்பு அறுந்தால், உங்கள் ஸ்கிரிப்டையும் அப்படியே ஓட்டலாம்.