ஹாமில்டன் இன்ட்ரா-மேட்டிக்: திகதியா, சாவியா?

தம்பி, கல்முனையில் இருந்து கேட்டிருந்தீர்கள்: மெலிந்த கைக்கு ஹாமில்டனின் 40 மி.மீ. இன்ட்ரா-மேட்டிக் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்சும் உள்ள கைக்கடிகாரம்) பொருந்துமா, கை அசைவில் தானே முறுக்கேறும் திகதி உள்ள ஆட்டோமேட்டிக்கா, கையால் சாவி கொடுப்பதா என்று.

என் தெரிவு சாவி கொடுப்பதுதான். 1968இல் வந்த மூலக் கடிகாரத்தின் அழகே வெறுமையான டயலில் இரண்டு சிறு வட்டங்கள் சமநிலையாக நிற்பது. 2017 மறுவெளியீட்டில் ஆறு மணி இடத்தில் திகதிச் சாளரம் வந்தது, அளவும் 42 மி.மீ. ஆனது. எனக்கு அந்தச் சாளரம் டயலில் ஓட்டை போட்டது மாதிரித்தான் தெரிகிறது. கண் நேரே அங்கேதான் போகும். பிறகு வந்த சாவி மாதிரியில் திகதி இல்லை, டயல் மூச்சு விடுகிறது. தினமும் காலையில் சாவி கொடுக்கப் பஞ்சிப்பட்டால் மட்டும் ஆட்டோமேட்டிக்கை எடுங்கள்.

அளவுக்கு 40 என்ற எண்ணை நம்பாதீர்கள். பட்டி மாட்டும் கொம்புகளின் நுனிக்கு நுனி நீளத்தைக் கேட்டு, அதே நீளத்துக்குக் கடதாசி வெட்டி மணிக்கட்டின் மேல் வையுங்கள். விளிம்பைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி.

இருட்டில் ஒளிரும் பூச்சைப் பழுப்பேறியது போலப் பூசிய மாதிரிகள் எனக்குப் பிடிக்காது. பழைய கடிகாரங்களின் டிரிட்டியம் என்ற ஒளிப்பூச்சு வருடக்கணக்கில் தானாக அந்த நிறம் ஆனது; புதிதுக்கு அது வேடம்.

அப்புறம், தோல் பட்டி நம்ம மட்டக்களப்பு, அம்பாறை வெயிலில் வியர்வையில் ஊறி நாறும். நைலான் ஒன்று வாங்கி வையுங்கள். கடலில் குளிக்கும்போது பொத்தான்களை அமுக்கவே வேண்டாம்.