வெறிச்சென்று இருக்கும் அறைக்கு என்ன படம் மாட்டலாம்?

காரைக்குடியில் குடிவந்த பழைய வீட்டின் முன்னறை மொட்டையாக இருக்கிறது, சுவரில் என்ன மாட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதுவே ஒரு படம்தான். சிவப்பும் பச்சையும் பூவுமாகத் தரை பேசும்போது சுவரும் கத்த வேண்டாம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று போதும். வெறும் சிமெண்ட் தரையா? தாராளமாக வண்ணத்துக்குப் போகலாம்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு மதியம் சுற்றுங்கள். ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப்படங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு வந்தவை இவை. சிலவற்றில் லட்சுமியின் புடவைக்கு மட்டும் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருப்பார்கள்; எனக்கு அதுதான் உயிர். புது நகலைப் பழசு என்று தலையில் கட்டுவதும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: புள்ளிகள் வரிசை பிசகாமல் இருந்தால் பிற்கால ஆப்செட் அச்சு.

பெரிய சுவரில் சின்னப் படம் தபால்தலை ஒட்டியது போலிருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். படத்தின் நடு, தரையிலிருந்து சுமார் 5 அடி. நேர் வெயில் விழுந்தால் சாயம் வெளுக்கும்.

அப்புறம், பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்காதீர்கள். நான் அடித்தேன், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்குகிறது படம்.